பார்வையாளரும் காப்பிடமும்: பழவேற்காடு எழுப்பும் கேள்வி

இயற்கையைக் காண வரும் மக்களே அந்த இயற்கைக்குக் கேடாகிறார்களா? ஆகிறார்கள் என்றால் எந்த வழியில், எந்த அளவுக்கு? பூங்காக்களையும் சரணாலயங்களையும் மக்களுக்குத் திறந்துவிட்ட நாடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டாக இக்கேள்விக்கு விடை தேடி வருகின்றன. கூட்டத்தைக் குறைத்தால் போதும் என்றனர் சிலர். கூட்டத்தைவிட நடத்தையே முக்கியம் என்றனர் வேறு சிலர். பார்வையாளர் தரும் வருவாய்தான் காடுகளைக் காப்பாற்றும் என்ற வாதமும், ஆலைக்கழிவோடு ஒப்பிட்டால் சுற்றுலா ஒரு பொருட்டே அல்ல என்ற வாதமும் உண்டு. இந்த நான்கு விடைகளையும் ஒரே நிலப்பரப்பில் வைத்துச் சோதிக்க ஏற்ற இடங்கள் அதிகம் இல்லை. திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதி அவற்றுள் ஒன்று.

களம்

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர்க் காயல். அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் அமைந்துள்ளது. தெற்கு முனை மட்டுமே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களுக்குள் வருகிறது. இப்பகுதியில் 153.67 சதுர கிலோமீட்டரை 1980இல் தமிழக அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. ஆரணியாறும் கலங்கி ஆறும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரம் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. ஏரியையும் வங்கக் கடலையும் ஸ்ரீஹரிகோட்டா தீவு பிரிக்கிறது. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே. ஆழம் குறைந்த இந்த நீர்தான் பூநாரை, கூழைக்கடா, சங்குவளை நாரை, ஊசிவால் வாத்து, உள்ளான், ஆலா எனப் பல வகைப் பறவைகளுக்கு இரைவெளி. வலசைப் பறவைகள் பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை தங்குகின்றன.

ஏரியைச் சுற்றியுள்ள நிலம் வேறு உலகம். மேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை, தெற்கே வடசென்னை அனல்மின் நிலையம், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள். இந்த ஆலைகளிலும் துறைமுகங்களிலும் உழைப்பவர்களுக்கும் சென்னை நகரத்தாருக்கும் விடுமுறை நாளில் சென்றுவர எட்டும் தூரத்தில் உள்ள திறந்தவெளிகள் சிலவே. பழவேற்காட்டுக் கடற்கரையும் ஏரியும், பூண்டி நீர்த்தேக்கம், அதன் அருகே அல்லிக்குழிக் காப்புக்காட்டில் உள்ள குடியம் குகைகள், எல்லை தாண்டினால் ஆந்திரக் காட்டில் தடா அருவி. ஆக, இங்கே வரும் கூட்டத்தில் தொலைதூரப் பயணிகள் குறைவு, காலையில் வந்து மாலையில் திரும்பும் அக்கம்பக்கத்தார் அதிகம். பொழுதுபோக்கின் பாதிப்பை எடைபோடும்போது இந்த வேறுபாட்டை மறந்துவிட முடியாது.

எண்ணிக்கை என்னும் முதல் விடை

இத்துறையின் தொடக்கத்தை ஆய்வாளர்கள் 1928இல் வைக்கிறார்கள். கலிஃபோர்னியாவின் செம்மரப் பூங்காக்களில் பயணிகளின் காலடியால் மண் இறுகி, மரங்களின் வேர்கள் மூச்சுத் திணறுவதை மெய்னெக்கே என்ற தாவர நோயியலாளர் அவ்வாண்டு பதிவுசெய்தார். 1935இல் இங்கிலாந்தில் பேட்ஸ் என்பவர் ஒற்றையடிப் பாதைகளில் எந்தச் செடிகள் மிதிபட்டும் பிழைக்கின்றன என்று ஆராய்ந்தார். மேய்ச்சல் நிலத்துக்கு இத்தனை மாடு என்று கணக்கிடும் முறையைக் காட்டுக்கு இத்தனை மனிதர் என்று மாற்றிப் பார்க்கும் எண்ணம் பிறகு வலுப்பெற்றது. 1964இல் ஆலன் வாகர் எழுதிய ஆய்வுரை ‘தாங்குதிறன்’ என்னும் கருத்தைப் பொழுதுபோக்குத் துறையில் நிலைநிறுத்தியது. ஆனால் அளவைத் தீர்மானிப்பதில் சூழலியலோடு மனித விழுமியங்களுக்கும் பங்கு உண்டு என்று வாகரே அதில் எச்சரித்திருந்தார்.

நிர்வாகத்துக்கு எண்ணிக்கை பிடித்தமான கருவி. அதை அறிவிப்பது எளிது, சோதனைச் சாவடியில் செயல்படுத்துவதும் எளிது. கோஸ்டா ரிகாவில் சிஃபுவெந்தெஸ் 1992இல் வகுத்த கணக்கீட்டு முறை இந்தியாவிலும் பல இடங்களில் பின்பற்றப்படுகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயமானதும் இச்சிந்தனையின் வழியில்தான். 2025 கோடைக்கு நீலகிரியில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு விதிக்கப்பட்டது.

இதன் பலவீனம் களத்திலேயே வெளிப்பட்டது. பயன்பாடும் பாதிப்பும் நேர்விகிதத்தில் உயர்வதில்லை. மிதிபடாத நிலத்தில் முதல் சில நூறு காலடிகளே பெரும்பகுதி சேதத்தைச் செய்துவிடுகின்றன. அதற்குப் பிறகு வரும் ஆயிரக்கணக்கான காலடிகள் சேர்ப்பது ஒப்பீட்டளவில் சிறிது. 1960களில் இருந்தே பல நாட்டு ஆய்வுகள் இந்த வளைகோட்டு உறவைக் காட்டியுள்ளன. இதன் விளைவு எளிதில் விளங்காதது: கூட்டத்தைப் பல இடங்களுக்குப் பரப்பினால் சேதமும் பரவும், ஒரே பாதையில் குவித்தால் சேதம் அந்தப் பாதையோடு நிற்கும். ஆனால் இந்த முடிவு செடிக்கும் மண்ணுக்கும் பொருந்தும் அளவுக்குப் பறவைக்கும் விலங்குக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

நடத்தையும் ஏற்கத்தக்க மாற்றமும்

எண்ணிக்கையின் போதாமையை உணர்ந்த அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் 1985இல் கேள்வியையே மாற்றினர். எத்தனை பேர் வரலாம் என்பதை விட்டு, எவ்வளவு மாற்றத்தை ஏற்கலாம் என்று கேட்டனர். மண்ணரிப்பு, குப்பை, பறவைகளின் கலைவு போன்ற அளவுகோல்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரம்பு வைத்து, வரம்பு நெருங்கும்போது நடவடிக்கை எடுப்பது இம்முறை. தொடர்ந்து கண்காணிக்கும் ஆள்பலம் இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை. ஆள்பலம் இல்லாத இடத்தில் இது கோப்பிலேயே தங்கிவிடும். ஏற்கத்தக்கது எது என்பதை யார் முடிவு செய்வது என்ற சிக்கலும் உள்ளது. பழவேற்காட்டில் மீனவருக்கு ஏற்கத்தக்கது, படப்பிடிப்பாளருக்கு ஏற்கத்தக்கது, வனத்துறைக்கு ஏற்கத்தக்கது என்று மூன்று வரம்புகள் இருக்க முடியும்.

சான்றுகளின் நிலை என்ன? 2016இல் லார்சனும் சக ஆய்வாளர்களும் உலகெங்கும் வந்த 274 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தனர். 93 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை வனவிலங்குகள்மீது பொழுதுபோக்கின் ஏதேனும் ஒரு விளைவையாவது கண்டிருந்தன. பதிவான விளைவுகளில் 59 விழுக்காடு எதிர்மறையானவை. பலரையும் வியக்க வைத்த முடிவு வேறு: மோட்டார் வாகனப் பொழுதுபோக்கைவிட நடத்தல் போன்ற மோட்டார் இல்லாத பொழுதுபோக்குகளில்தான் எதிர்மறை விளைவு அடிக்கடி பதிவாகியிருந்தது. அமைதியாகச் செல்பவர் தீங்கு செய்யாதவர் என்ற நம்பிக்கைக்கு இது இடம் தரவில்லை. ஆனால் அந்த ஆய்வுகள் பெரும்பாலும் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. வெப்பமண்டலக் காயலுக்கு அவற்றை அப்படியே கொண்டுவருவதில் நிதானம் வேண்டும்.

இந்தியாவில் கிடைக்கும் சான்றுகளில் வலுவானவை புலிக் காப்பகங்களைச் சேர்ந்தவை. பாந்தவ்கர், கான்ஹா காப்பகங்களில் புலிகளின் எச்சத்தில் உள்ள அழுத்த ஹார்மோன்களை அளந்து 2019இல் வெளியான ஆய்வு, சுற்றுலா வாகனங்களும் பார்வையாளர்களும் மிகும்போது அந்த அளவும் உயர்வதைக் காட்டியது.  வெளித்தோற்றத்தில் பழகிவிட்டதாகத் தெரியும் உயிரும் உடலுக்குள் விலை கொடுத்துக்கொண்டிருக்கலாம் என்பதே இதன் பாடம்.

பூநாரைக்கும் படகுக்கும் இடையே

பழவேற்காட்டில் நடக்கும் விவாதத்தின் மையம் படகு. பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, சேற்றுநீரை அலகால் வடிகட்டி, நுண்ணுயிர்களை உண்ணும் பறவை. ஒவ்வொரு வாயிலும் கிடைக்கும் இரை சிறிது என்பதால் நாளின் பெரும்பகுதியை மேய்ச்சலில் கழிக்க வேண்டும். அதைப் பறக்கவைக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டு இழப்புகள்: மேயும் நேரமும் போகிறது, உண்டு சேர்த்த ஆற்றலும் செலவாகிறது. மார்ச்சுக்குப் பிறகு வலசை திரும்பும் பறவைக்கு இந்தச் சேமிப்பே பயணச் செலவு.

மனிதர் எவ்வளவு நெருங்கினால் பறவை எழுகிறது என்ற தொலைவை அளப்பது இத்துறையில் வழக்கமான முறை. பெரிய உடல் கொண்ட பறவைகள் பொதுவாக அதிகத் தொலைவிலேயே எழுந்துவிடுகின்றன. நேராகத் தன்னை நோக்கி வருவதற்கும் பக்கவாட்டில் கடந்து போவதற்கும் பல பறவைகள் வேறுபாடு காண்கின்றன. இங்கேதான் மீனவப் படகும் உல்லாசப் படகும் பிரிகின்றன. பாடு முறைப்படி முறைவைத்து மீன்பிடிக்கும் மீனவரின் படகு, குறித்த வழியில், குறித்த இடத்துக்குச் செல்கிறது. அதன் இலக்கு பறவை அல்ல. படம் எடுக்க வருபவரின் படகோ கூட்டத்தைத் தேடிச் சென்று, நின்று, சுற்றி, கூட்டம் எழும் காட்சிக்காகக் காத்திருக்கிறது. அண்ணாமலைச்சேரி போன்ற இடங்களில் ஆழம் குறைந்த பகுதிக்குள் இறங்கி நடப்போரால் படகு எட்டாத இரைவெளியும் கலைகிறது. படகுகளின் எண்ணிக்கையை மட்டும் கட்டுப்படுத்தும் விதி இந்த வேறுபாட்டைப் பிடிக்காது.

இந்த முறைக்கும் ஒரு வலுவான மறுப்பு உண்டு. பறந்தெழும் பறவைக்குத்தான் பாதிப்பு அதிகம் என்று கொள்வது தவறாகலாம் என்று 2001இல் ஜெனிஃபர் கில்லும் சக ஆய்வாளர்களும் வாதிட்டனர். வேறு நல்ல இரைவெளி இருக்கும் பறவை எளிதில் எழுந்து போகும். போக வேறிடம் இல்லாத பறவை தொந்தரவைத் தாங்கிக்கொண்டு அங்கேயே நிற்கும். எண்ணூர்ப் பக்கம் சாம்பல் கழிவாலும் துறைமுகங்களாலும் சதுப்புநிலம் சுருங்கிய பின், பழவேற்காட்டில் அசையாமல் நிற்கும் பறவை எந்த வகையைச் சேர்ந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் ‘பறவைகள் பழகிவிட்டன’ என்று முடிவுகட்டுவது அவசரம்.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் உயிரிழந்தனர். அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. தடையை மீறிப் படகுகள் இயங்குவதாகவும் செய்திகள் பல முறை வந்துள்ளன. இங்குள்ள மிகப் பெரிய சூழல் கட்டுப்பாடு, மனித உயிரைக் காக்கப் பிறந்த ஒன்று. பறவைகளின் பருவத்தையோ இரைவெளியையோ கருதி வகுக்கப்பட்டதல்ல. ஆகவே அது ஆண்டு முழுதும் ஒன்றுபோல் எல்லாவற்றையும் தடுக்கிறது. படகோட்டி வந்த வருவாயை இழந்த குடும்பங்களுக்கு அதற்கு ஈடான வழி எதையும் அது வகுக்கவில்லை. மறைவாக ஓடும் படகுக்கு வழித்தடமும் இல்லை, பயிற்சி பெற்ற வழிகாட்டியும் இல்லை. முழுத்தடை சில சமயம் கட்டுப்பாடற்ற பயன்பாட்டுக்கே இட்டுச் செல்லும் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகத் தோன்றுகிறது.

மணல்வெளியும் குன்றும்

கடற்கரையில் பாதிப்பின் வழி மறைமுகமானது. உணவுக் கழிவு நாய்களையும் காக்கைகளையும் பெருக்குகிறது, அவை பங்குனி ஆமையின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடித் தின்கின்றன. கரையோர வெளிச்சம் கடலை நோக்கிச் செல்ல வேண்டிய குஞ்சுகளைத் திசைமாற்றுகிறது. ஆமைகள் முட்டையிடும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையான காலத்தில்தான் பொங்கல் விடுமுறையும் வருகிறது. என்றாலும் அளவை மறக்கலாகாது: 2025 தொடக்கத்தில் சென்னையை ஒட்டிய கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கியபோது, முதன்மைக் காரணமாகச் சுட்டப்பட்டவை விசைப்படகுகளின் இழுவலைகள்.

குடியத்தில் சிக்கல் வேறு வகை. அல்லிக்குழிக் குன்றுகளின் கூழாங்கல் பாறைகளில் அமைந்த இக்குகைகள், அத்திரம்பாக்கம் உள்ளிட்ட பழைய கற்கால நிலப்பரப்பின் பகுதி. அத்திரம்பாக்கத்துக் கற்கருவிகளின் காலம் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் செல்வதாக 2011இல் முடிவுகள் வெளியாயின. மிதிபட்ட புதர் சில மழைக்காலங்களில் மீளும். நிலத்தின் மேற்பரப்பில் கிடக்கும் கற்கருவியை ஒருவர் நினைவுப்பொருளாக எடுத்துச் சென்றால் அது கிடந்த இடம் தரும் சான்று மீளாது. இத்தகைய இடத்தில் ‘ஏற்கத்தக்க மாற்றம்’ என்ற அளவுகோலே பொருளிழக்கிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மூண்ட காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் உட்பட 23 பேர் மாண்ட பின், மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தின் 40 பாதைகளில் குடியமும் இடம்பெற்றது. வழிகாட்டியோடு, முன்பதிவோடு, குறித்த பாதையில் செல்வது இங்கே சரியான முறை. தடா அருவிக்குச் செல்லும் கூட்டத்தால் நீர்மடுக்களில் சேரும் புட்டிகளும் நெகிழியும் அதற்கு எதிர்ப்பக்க உதாரணம்.

ஆலைதான் முதற்கேடு என்னும் வாதம்

சுற்றுலாவைப் பற்றிப் பேசுவதே திசைதிருப்பல் என்பவர்களின் வாதத்தை எளிதில் ஒதுக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிய எண்ணெய், கூழைக்கடாக்களின் இறகுகளைக் கறுப்பாக்கியது, மீனவரின் வலைகளைப் பாழாக்கியது. ஒரு விபத்தில் நேர்ந்த அந்தச் சேதத்துக்கு ஈடாகப் பல ஆண்டுச் சுற்றுலாவையும் வைக்க முடியுமா என்பது ஐயம். காயலின் உயிரே முகத்துவாரத்தில்தான் இருக்கிறது. அது மணலால் அடைபட்டால் நீரின் உப்புத்தன்மை மாறும், இறாலும் மீனும் குறையும், பறவையும் குறையும்.

ஆனால் இந்த வாதம் ஓர் உண்மையை விட்டுவிடுகிறது. பாதிப்புகள் தனித்தனியே நிகழ்வதில்லை. ஆலையும் துறைமுகமும் இரைவெளியைச் சுருக்கினால், மிஞ்சிய இரைவெளியில் நிகழும் ஒவ்வொரு கலைப்பின் எடையும் கூடுகிறது. அத்துடன், பொழுதுபோக்கு முறைப்படுத்தப்படாத சரணாலயத்தைப் ‘பெயரளவுக்குத்தான் சரணாலயம்’ என்று காட்டி எல்லையைக் குறைக்கக் கேட்பதும் எளிதாகிறது. சரணாலயங்களைச் சுற்றிக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் சூழல் உணர்வு மண்டலம் வேண்டும் என்று 2022 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டு, 2023 ஏப்ரலில் அதைத் தளர்த்தியது. அந்த மண்டலங்களுக்கான மத்திய அரசின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் விடுதிகள் அமைப்பது, தடை செய்யப்பட்டவற்றோடு சேராமல் ஒழுங்குபடுத்த வேண்டியவற்றின் வரிசையில் வருகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவும் சுற்றுலாவுக்கு அனுமதி வழங்க இடம் தருகிறது.

வருவாய் காக்கும் என்னும் நம்பிக்கை

பார்வையாளர் இல்லாத காட்டுக்கு ஆதரவாளரும் இல்லை என்பது நான்காவது நிலைப்பாடு. இதற்குச் சிறந்த சான்று சிலிகா ஏரிக்கரையில் உள்ள மங்களாஜோடி. பறவை வேட்டைக்குப் பெயர்போன அவ்வூரார் 2000ஆம் ஆண்டை ஒட்டிக் காவலர்களாக மாறி, கழிகொண்டு தள்ளும் படகுகளில் பார்வையாளரை அழைத்துச் செல்கிறார்கள். அதே சிலிகாவின் சாத்தபடாவில் ஐராவதி ஓங்கில்களைத் துரத்தும் மோட்டார் படகுகள் நெடுங்காலமாகக் கவலைக்குரியவை. ஒரே ஏரி, இரண்டு விளைவுகள்.

தமிழகத்தின் பழைய முன்மாதிரி வேடந்தாங்கல். அவ்வூர் மக்கள் தங்கள் ஏரிப் பறவைகளைக் காக்க 1798இல் செங்கல்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேஸிடம் உரிமை பெற்றனர். இன்றும் பார்வையாளர் கரையிலும் கோபுரத்திலும் நின்றே பார்க்கிறார்கள், நீருக்குள் எவரும் செல்வதில்லை. ஆனால் சிறிய ஏரியில் மரங்களில் கூடுகட்டும் பறவைக்குப் பொருந்துவது, பரந்த காயலில் நீரின் ஆழத்தைத் தேடி நாளுக்கொரு பக்கம் நகரும் பூநாரைக்கு முழுமையாகப் பொருந்தாது. ஆந்திரப் பக்கம் சூளூர்பேட்டையில் 2001 முதல் நடத்தப்பட்டுவரும் பூநாரைத் திருவிழா, ஏரிக்கு விளம்பரத்தைத் தேடித் தந்தது. அது வழக்கமாகப் பறவைகள் மிகுந்திருக்கும் குளிர்காலத்திலேயே கூட்டத்தையும் கூட்டுகிறது. வருவாய் யாரிடம் சேர்கிறது என்பதும் முக்கியம். படகோட்டிக்கும் வழிகாட்டிக்கும் சேராத பணம் அவர்களைக் காவலர்களாக்காது.

இன்னும் திறந்திருப்பவை

சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். பொழுதுபோக்கு பாதிப்பற்றது என்ற கருத்தைச் சான்றுகள் ஆதரிக்கவில்லை. பாதிப்பை எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. எந்தப் பருவத்தில், எந்த இடத்தில், எவ்வளவு நெருக்கத்தில், எதை நோக்கி என்பவை அதைவிட வலிமையான காரணிகள்.

தீராத கேள்விகள் மூன்று. பறவை எழுந்து பறப்பது போன்ற குறுகியகால நடத்தை மாற்றம், பல ஆண்டு அளவில் பறவைகளின் எண்ணிக்கையைக் குறைக்கிறதா என்பது முதலாவது. பழவேற்காட்டில் பறவைகளின் வரவை மழையும் நீர்மட்டமும் உப்புத்தன்மையும் ஆண்டுதோறும் மாற்றுவதால், படகின் பங்கைப் பிரித்தறிவது கடினம். ஆண்டுக்கொருமுறை நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்போடு, அதே நாட்களில், அதே இடங்களில் படகுகளையும் பார்வையாளரையும் கணக்கெடுத்தால்தான் அதற்குத் தொடக்கம் கிடைக்கும். தொழில் மாசும் பொழுதுபோக்கும் ஒன்றையொன்று எந்த அளவுக்குப் பெருக்குகின்றன என்பது இரண்டாவது. மூன்றாவது நீதி சார்ந்தது: வார விடுமுறை ஒன்றே உள்ள தொழிலாளிக்கு ஏரியை மூடிவிட்டு, அனுமதிக்கும் கட்டணத்துக்கும் வசதியுள்ளவருக்கு மட்டும் திறப்பது சரியான காப்பாகுமா?

இவற்றுக்கு விடை வரும்வரை முழுத்தடை, முழுத்திறப்பு இரண்டுமே பழவேற்காட்டுக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை இரைவெளிகளை முற்றாக விலக்கிவைப்பது, மீனவர் கூட்டுறவின் கையில் பாதுகாப்பு உடையோடும் குறித்த வழித்தடத்தோடும் சில படகுகளை ஒப்படைப்பது, மற்றவர்களுக்குக் கரையில் பார்வைக் கோபுரங்களை அமைப்பது ஆகியவை இப்போதுள்ள சான்றுகளுக்கு நெருக்கமான ஏற்பாடுகள். ஏரி ஒன்றே என்பதால் தமிழகமும் ஆந்திரமும் இவற்றைச் சேர்ந்தே வகுக்க வேண்டும்.